புவனம் அக்காவின் முதலாவது செத்தவீடு

பாடையில் கிடந்த புவனம் அக்கா கண்ணைத் திறக்காமலே, "பிள்ளை, காலிலை எறும்பு ஏறுது" என்றார்.

நான் கமராவை நிறுத்தினேன். இயக்குநர் ரமணன் மாஸ்டர் தலையில் கை வைத்தார். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியில் வாய்க்கட்டு, நெற்றி நிறைய விபூதி, கழுத்து நிறைய மாலை. இவ்வளவோடும் கிடந்த பிரேதத்தின் காலை யாரோ தட்டிவிட, பிரேதம் "அப்பாடா" என்றது. பிறகு தேத்தண்ணி கேட்டது.

"அக்கா, நீங்கள் செத்து அரை மணித்தியாலம்கூட ஆகேல்லை" என்றார் மாஸ்டர்.

"அதுக்கென்ன? செத்தவைக்குப் படைக்கிறேல்லையோ?"

நெடுந்தீவில், புவனம் அக்காவின் சொந்த வீட்டு முற்றத்தில், நல்ல காலை வெயிலில் இது நடந்தது. நாங்கள் பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

போன கிழமை இந்தப் பத்தியில் கலியாண வீட்டு வீடியோக்களைப் பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு மாமிமார் என்னோடு கதையை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கிழமை செத்தவீட்டுக்கு வந்திருக்கிறேன். இதில் கோபிக்க வேண்டியவர் புவனம் அக்கா ஒருவர்தான். "எழுது, ஆனால் என்ரை வயசைப் போடாதை" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே போடவில்லை.

பயப்பட ஆள் தேவை

ரமணன் மாஸ்டர் வேலணையில் ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிப்பவர். சமன்பாடு எழுதும் கையால் திரைக்கதையும் எழுதலாம் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. நேரே அதே ஊரில் இருக்கும் என் ஸ்ரூடியோவுக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு பேய்ப்படம் எடுப்பம். ஆனால் பாக்கிற சனம் சிரிக்கவேணும்."

"சிரிப்பினம் மாஸ்டர். அதுக்கு நீங்கள் தனியாய்ப் பாடுபடத் தேவையில்லை" என்றேன்.

கோபிக்காமல் கதையைச் சொன்னார். கதை நன்றாகத்தான் இருந்தது. தீவில் ஒரு மனுசி செத்துப் பேயாகிறாள். பேயாகி ஆசையோடு பயமுறுத்தப் புறப்பட்டால் அயலில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. ஒரு வீடு லண்டன், ஒரு வீடு பாரிஸ், ஒரு வீடு சுவிஸ். பேய் பூட்டிய கதவுக்குள்ளால் புகுந்து பார்க்கிறது. கதிரைகளும் கட்டிலும் பொலித்தீன் போர்த்திக் கிடக்கின்றன. பயப்பட ஓர் ஆளைத் தேடி அந்தப் பேய் கடைசியில் விசாவுக்கு அலைகிறது. படத்தின் பெயர் 'பயப்பட ஆள் தேவை'.

இந்தப் படத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். ஒதுக்கவில்லை என்பதுதான் பதில். கமரா என்னுடைய கலியாணக் கமரா. வெளிச்சம் சூரியனுடையது. பேயின் வெள்ளைச் சேலை மாஸ்டரின் மனைவியுடையது, அதுவும் அவருக்குத் தெரியாமல் வந்தது.

பேய்ப்படத்தை இரவில் எடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கலாம்தான். ஆனால் நான் பின்னேரப் படகைப் பிடித்துக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கே நிற்கும் பஸ்ஸில் ஏறினால்தான் வேலணைக்குப் போய்ச் சேரலாம். அதனால் எங்கள் பேய் காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம்வரை மட்டுமே உலாவியது. பகலில் எடுத்துவிட்டுக் கொம்பியூட்டரில் நீலமாக்கினால் இரவாகிவிடும் என்பது மாஸ்டரின் கணக்கு. நீலமாக்கிப் பார்த்தோம். நீல நிற நடுமத்தியானம் கிடைத்தது. பேயின் முகத்துப் பவுடர் வியர்வையில் கோடுகோடாக இறங்கியிருந்தது.

பனிப்புகைக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை கொளுத்தினோம். முதல் நாளே அயலவர் ஒருவர் வாளியில் தண்ணீரோடு ஓடிவந்து பேயின் தலையில் ஊற்றினார். இன்னொரு நாள், பேய் கையை விரித்துக்கொண்டு கூவும் முக்கியமான கட்டத்தில், நெடுந்தீவில் தன்பாட்டில் திரியும் குதிரைகள் மூன்று பின்னால் வந்து நின்றன. ஒரு குதிரை பேயின் சேலைத் தலைப்பைச் சப்பத் தொடங்கியது. அந்தக் காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது. சனம் அதிகம் சிரித்த இடமும் அதுதான். மாஸ்டர் எழுதிய பகிடிகளைவிடக் குதிரைக்குக் கைதட்டல் கூடுதலாகக் கிடைத்ததில் அவருக்கு இன்னும் மனத்தாங்கல்.

கிடப்பதற்கு ஓர் ஆள்

பேயாக நடிக்க இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள். பேய் ஆவதற்கு முன்னால் செத்துக் கிடக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவரைப் பாடையில் கிடத்துவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமா?

புவனம் அக்கா மட்டும்தான் இரண்டுக்கும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். "ஒரு நாளைக்குக் கிடக்கத்தானே போறன். இப்பவே பழகினால் நல்லது" என்றார்.

அக்கா தனி ஆள். புருசன் செத்துக் கனகாலம். பிள்ளைகள் இல்லை. இரண்டு மாடு, கொஞ்சம் பனங்காணி, ஒரு நல்ல கிணறு. நெடுந்தீவில் நல்ல தண்ணிக் கிணறு இருந்தால் மனிதருக்கு ஒரு மிடுக்கு வரும். அது அக்காவிடம் தாராளமாக இருந்தது. ஒரேயொரு குறைதான். கனடாவில் இருக்கும் அவருடைய ஒரே தம்பி நேசன் அவரோடு பேசுவதில்லை.

அக்கா ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் அவருக்குப் போனில் ஒரு வரி அனுப்புவார். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டும் விழும். பதில் வராது.

"பாக்கிறான்தானே பிள்ளை. பாக்காமல் விட்டால்தான் யோசிக்கவேணும்" என்று எனக்குச் சொல்வார். சொல்லிவிட்டு அந்த நீலக் கோடுகளை இன்னொரு தரம் பார்ப்பார். எனக்கு அந்த நேசனில் அப்படிக் கோபம் வரும்.

கடல் விடாத கிழமை

பேச்சு நின்ற கதை எனக்கு நேரிலேயே தெரியும். அவர்களுடைய அம்மா செத்தபோது நான் நெடுந்தீவில் நின்றேன்.

பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டு வீடியோவுக்காகப் போன இடத்தில் காற்று மாறிவிட்டது. கடல் அடித்த அடியில் படகு ஓடவில்லை. போட்டிருந்த சட்டையோடு மூன்று நாள் அங்கேயே மாட்டுப்பட்டேன். இரண்டாம் நாள் விடிய அந்த அம்மா கண்ணை மூடினார். வேறு வீடியோக்காரர் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் என் ஒரே மெமரி கார்ட்டில் முதல் பாதியில் ஒரு பெட்டைக்கு ஆலாத்தி, மறுபாதியில் ஒரு கிழவிக்கு வாய்க்கரிசி.

நேசன் போனில் கெஞ்சினார். மூத்த மகனும் கடைசி மகனும் அவர் ஒருவர்தான். கொள்ளி வைக்க வேண்டியவர். "ரெண்டு நாள் வையுங்கோ, நான் வந்திடுவன்" என்றார். எங்கள் ஊர்களில் இப்போது எல்லாச் செத்தவீடும் ஒரு விமானத்துக்குக் காத்திருக்கிற செத்தவீடுதான். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் மருந்தேற்றினால் ஒரு கிழமையும் வைக்கலாம். ஆனால் கொண்டுபோகப் படகு இல்லை. தீவில் ஐஸ் கட்டியும் இல்லை. வெக்கை வேறு. அடுத்த நாள் மத்தியானம் ஊரார் சொல்லி, அக்கா தலையாட்டி, பெரியப்பாவின் மகன் ஒருவர் கொள்ளி வைத்தார்.

"என்னை விட்டிட்டு அம்மாவை எடுத்திட்டாய்." நேசன் அக்காவோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

கடல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அங்கேயே பிறந்து வளர்ந்தவர். துக்கம் வந்தால் மனிதருக்குத் தெரிந்ததும் மறந்துபோகிறது.

பொய்யாய் அழ ஏலாது

சரி, பாடைக்கு வருவோம். அக்கா தேத்தண்ணி குடித்து, மறுபடி பஞ்சை வைத்துக்கொண்டு கிடந்தார். இனி ஒப்பாரி.

அயல்வீட்டுச் சின்னப்பிள்ளை அக்காவைப் பிடித்திருந்தோம். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் முதற்குரல் அவருடையது. மாஸ்டர் அவருக்குக் கதையை விளக்கினார். செத்தவள் பெயர் பாக்கியம். புருசன் கடலில் போனவன். பிள்ளைகள் சுவிஸில்.

சின்னப்பிள்ளை அக்கா கவனமாகக் கேட்டார். "எந்தப் பாக்கியம்? ஆரின்ரை பிள்ளை?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அக்கா. கற்பனை."

"கற்பனைக்கு எப்பிடியப்பா அழுறது?"

முயன்று பார்த்தார். பாடையின் தலைமாட்டில் இருந்து, மார்பில் கை வைத்து, வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். கொட்டாவி வந்தது.

"தம்பி, எனக்குப் பொய்யாய் அழ ஏலாது. புவனத்துக்கெண்டால் சொல்லும், இப்ப அழுறன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பாடையைப் பார்த்தேன். பாடை, "அழட்டும், அழட்டும். நானும் கேப்பம்" என்றது.

"சரி, பேரை மட்டும் சொல்லிப் போடாதேங்கோ" என்றார் மாஸ்டர்.

பெயரைச் சொல்லவில்லைதான். மற்ற எல்லாவற்றையும் சொன்னார். கிணற்றைச் சொன்னார், மாட்டைச் சொன்னார், புருசனைச் சொன்னார். பிறகு குரலை இறக்கி இதைப் பிடித்தார்:

"கூடப் பிறந்தவன் குளிர்நாட்டில் இருக்கையிலே
கொள்ளிக்கும் ஆளின்றிக் கிடந்தாயோ என் ராசாத்தி
கனடாவில் உன் தம்பி கண்திறந்து பாராமல்
காத்திருந்து காத்திருந்து கண்மூடிப் போனாயோ"

வேடிக்கை பார்க்க வந்த சனம் அழத் தொடங்கியது. பாடையைத் தோளில் காவ வந்திருந்த மாஸ்டரின் கூட்டாளிகள் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். மாஸ்டருக்கு 'கட்' என்ற சொல்லே மறந்துபோயிற்று. நான் கமராவுக்குள்ளால் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவர் கேட்க விரும்பியதையும் கேட்கப் பயந்ததையும் ஒருமிக்கக் கேட்டுவிட்டார்.

மாஸ்டர்தான் முதலில் தெளிந்தார். "பிரேதம் அழுதிட்டுது. இன்னொருக்கா எடுக்கவேணும்" என்றார். எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, முகங்கள் தெளிய ஒரு மணித்தியாலம் விட்டோம்.

அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் வினை நடந்தது. வந்தவர்களில் யாரோ ஒப்பாரியைப் போனில் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனத்தின் வட்ஸ்அப் குழுவுக்குள் போட்டுவிட்டார். 'இது படப்பிடிப்பு' என்று அடுத்த வரியில் எழுதியும்தான் இருந்தார். வீடியோ கனடாவெல்லாம் போயிற்று. அடுத்த வரி போகவில்லை.

அக்காவை எடுத்திட்டினமோ?

எங்களிடம் ஒலி பிடிக்கும் மைக் கிடையாது. அதற்காக என் போனை ரெக்கோர்டிங்கில் போட்டு அக்காவின் மாலைக்குள் ஒளித்திருந்தோம். இரண்டாம் தரம் சின்னப்பிள்ளை அக்கா குரலை எடுத்ததும், பிரேதத்தின் நெஞ்சில் போன் அடித்தது.

"ஆரப்பா இந்த நேரத்திலை?" என்றார் மாஸ்டர்.

மாலைக்குள் கையை விட்டு எடுத்தேன். வெளிநாட்டு நம்பர். என் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி பழுது, எல்லாம் ஸ்பீக்கரில்தான். ஆகவே முற்றம் முழுவதும் கேட்டது.

"தங்கச்சி, நீங்கள்தானே எங்கடை அம்மான்ரை செத்தவீட்டு வீடியோ எடுத்தது? கடைசியிலை உங்கடை நம்பர் போட்டிருந்தனீங்கள். நான் நேசன், புவனத்தின்ரை தம்பி. அக்காவை எடுத்திட்டினமோ?"

"இல்லை அண்ணை, அது வந்து..."

"எடுக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன். டிக்கெட் போட்டிட்டன். நான் வந்து முகம் பாக்குமட்டும் எடுக்க விடாதேங்கோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை தங்கச்சி. நான் அவவோடை கதைக்கேல்லைத்தான், அது என்ரை பிழைதான். எண்டாலும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்." பிறகு அழுகைதான் வந்தது.

பிரேதம் எழுந்து உட்கார்ந்தது. என் கையிலிருந்த போனைப் பறித்தது. ஏதோ சொல்ல முயன்றது, வாய்க்கட்டு விடவில்லை. "ம்ம்சம்" என்றது. அக்கா கட்டைக் கீழே இழுத்துவிட்டார்.

"நேசன்."

அந்தப் பக்கம் அழுகை டக்கென்று நின்றது. ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

"ஆ... ஆர் கதைக்கிறது?"

"நான்தான்ரா. அக்கா."

"முருகா!" என்று ஒரு அலறல். பயப்பட ஓர் ஆளைத் தேடி நாங்கள் எடுத்த படத்தில், உண்மையாகப் பயந்த ஒரே ஆள் அவர்தான்.

"பயப்பிடாதை. நான் சாகேல்லை. இது படம் எடுக்கினம்."

"என்ன படம்?"

"பேய்ப்படம்."

பிறகு நேசன் ஏசத் தொடங்கினார். உனக்கு அறிவிருக்கோ, வயசென்ன, வாய்க்கட்டுக் கட்டிக்கொண்டு விளையாட்டோ, நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பன். அவ்வளவு வருசத்துப் பேச்சும் ஒரே மூச்சில் கொட்டியது. அக்கா மூக்கில் பஞ்சோடு பாடையில் காலை மடக்கிச் சப்பாணி கட்டியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்ட முகத்தை நான் எந்தக் கலியாணவீட்டிலும் எடுக்கவில்லை.

ஏசிக் களைத்ததும், "டிக்கெட்டை என்ன செய்யிறது?" என்று நேசன் கேட்டார்.

"போட்டிட்டாய்தானே. வாவன்."

அக்காவின் குரல் தணிந்தது. "நேசன், அம்மாவை வைச்சிருக்க ஏலாமல் போச்சடா. கடல் விடேல்லை. நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீ இப்ப வா. நீ வருமட்டும் என்னை எடுக்க விடமாட்டன்."

காத்திருந்த பாடை

அக்கா சொன்ன சொல்லை மாற்றவில்லை. பாடை தூக்கிப் போகும் காட்சியை அன்றைக்கு எடுக்க விடவே இல்லை. "தம்பி வரட்டும்" என்றார்.

"இந்தப் படத்துக்கு இயக்குநர் நானோ, பிரேதமோ?" என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார். பிரேதம்தான் என்று எனக்குத் தெரியும்.

நேசன் வந்த அன்று அக்கா துறைக்குப் போகவில்லை. அதே சேலை, அதே பஞ்சு, புது மாலையோடு முற்றத்துப் பாடையில் கிடந்தார். சூட்கேசை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார். ஆனாலும் முகம் வெளிறியது.

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். "வந்திட்டியோ? நல்லாய் மெலிஞ்சு போனாய்."

நேசன் தலைமாட்டில் போய் நிலத்தில் இருந்தார். சிரித்தார், அழுதார், பிறகு அக்காவின் மூக்குப் பஞ்சைத் தானே சரிசெய்து விட்டார்.

பாடை காவ மாஸ்டரின் கூட்டாளிகள் மூன்று பேர்தான், நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. நேசன் பயணம் வந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு முன்பக்கத் தடிக்குத் தோள் கொடுத்தார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீடியோக்காரிக்கு மட்டும் விலக்கு. நான் பின்பக்கமாக நடந்தபடியே கமராவைப் பிடித்தேன்.

வீட்டு ஒழுங்கை முடிந்து தெருவுக்கு வந்ததும் மாஸ்டர் "கட்" என்றார். மூன்று பேர் நின்றார்கள். நேசன் நிற்கவில்லை. அவர் நடக்க, பாடை சரியாமலிருக்க மற்றவர்களும் நடக்க வேண்டியதாயிற்று.

"டேய், இறக்கு. படம் முடிஞ்சுது" என்றார் அக்கா.

"பேசாமல் கிட அக்கா. அம்மாவைத்தான் தூக்கக் கிடைக்கேல்லை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சுடலை வாசல்வரை அவர்கள் போனார்கள். அங்கே நேசன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தோளை மாற்றி, பாடையைத் திருப்பி, அக்காவை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சுடலைக்குப் போன பாடை திரும்பி வந்ததை ஊர் அன்றுதான் கண்டது. படலையில் சின்னப்பிள்ளை அக்கா செம்பில் தண்ணீரோடு நின்றார். அழுவதா, கால் கழுவ ஊற்றுவதா, ஆலாத்தி எடுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா பாடையில் இருந்தபடியே கையை நீட்டி அந்தச் செம்பை வாங்கினார். முதலில் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்தார்.